நீலகிரியின் தூண்டில் உரிமம்: வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு வனத்துறை, மீன்வளத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். உதகையிலிருந்து எமரால்டு செல்லும் சாலையோரச் சிற்றூர் ஒன்றில், பயணிகளுக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவன் நான். வந்து இறங்குகிறவர்களில் பலர், பெட்டியை வைத்த கையோடு இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். டிரவுட் மீன் எங்கே பிடிக்கலாம் என்பது முதலாவது. சற்றுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, காட்டுப்பன்றியாவது சுட வழியுண்டா என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுகிறேன். முதலாவதற்குத்தான் என்னிடம் நேரான விடை இல்லை. அதைத் தரவேண்டியவர்கள் நீங்கள் என்பதாலேயே இம்மடலை எழுதுகிறேன்.

வேட்டையைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இம்மலையில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைப் பற்றி 2025 சனவரியில் அரசு அறிவித்த ஏற்பாட்டைச் சிலர் வேட்டைக்குத் திறந்த கதவாகப் படிக்கிறார்கள். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் பயிற்சி பெற்ற வனப் பணியாளர்களே சுடலாம் என்பதுதான் அதன் சாரம். நீலகிரியில் காட்டை விட்டு மூன்று கிலோமீட்டர் விலகி நிற்கும் ஊர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது வேறு கதை.

ஆயினும் பழைய வேட்டைக்காரர்களிடமிருந்து கற்க ஒன்று உண்டு. கண்டபடி சுட்டதில் விலங்குகள் அருகிப்போவதைக் கண்டு அஞ்சி, 1877இல் அவர்களே நீலகிரி வேட்டைச் சங்கத்தை அமைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1879இல், நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் சுடக்கூடாது, இன்ன காலத்தில் சுடவே கூடாது என்ற வரம்புகள் அப்படித்தான் இம்மலைக்கு வந்தன. அவர்களை நான் கொண்டாட வரவில்லை, அழித்ததும் அவர்களே. ஆனால் வரையாடு இன்றும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் விளிம்புப் பாறைகளில் நிற்பதற்கு, அந்த வரம்புகளும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் எண்ணப்பட்டன. எழுதி வைத்து, எல்லோருக்கும் தெரியவைத்து, மீறியவரைத் தண்டித்த விதி வேலை செய்தது என்பதே நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

இனி மீனுக்கு வருகிறேன். டிரவுட் இம்மண்ணின் மீன் அன்று. 1860களில் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேய மீனியலாளர் இங்கிலாந்திலிருந்து முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்னும் மீன்வள வல்லுநர் அதில் வெற்றி கண்டார். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தது. வானவில் டிரவுட் என்று நாம் அழைக்கும் இம்மீனுக்குத் தண்ணீர் குளிர்ந்திருக்கவும் வேண்டும், உயிர்வளி நிறைந்திருக்கவும் வேண்டும். சமவெளி நீரில் அது பிழைக்காது. சோலைக்காட்டின் நிழலில் ஊறி, புல்வெளியின் பஞ்சு போன்ற மண் வழியே கசிந்து வரும் எங்கள் ஓடைகள் அதற்கு வாய்த்துப்போனதில் வியப்பில்லை.

வியப்பில்லை என்றாலும் கவலை உண்டு. டிரவுட் ஊனுண்ணி. நீர்ப்பூச்சி, தலைப்பிரட்டை, சிறுமீன் எதையும் விடாது. வேறெங்கும் காணக்கிடைக்காத தவளையினங்கள் வாழும் சோலையோடைகளில் ஒரு வேற்று நாட்டு ஊனுண்ணியை, வேடிக்கைக்காகப் பிடிப்பதற்கென்றே, ஆண்டுதோறும் புதிதாக விடுவதை இக்காலத்தில் எந்த நியாயத்தாலும் தாங்கிப் பேச முடியாது. ஆகவே என் முதல் வேண்டுகோள், தூண்டில்காரர்களுக்குக் கசப்பானதாக இருக்கலாம்: முக்கூர்த்தி தேசியப் பூங்காவிலும், அதற்கு வெளியே சோலைகளுக்குள் ஓடும் தலையோடைகளிலும், டிரவுட் குஞ்சுகளை விடுவதில்லை என்று எழுத்தில் அறிவியுங்கள்.

அணை நீர்த்தேக்கங்களின் நிலை வேறு. எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி ஆகியவை குந்தா புனல்மின் திட்டத்திற்காக மனிதன் கட்டியவை. ஓடும் நீர் அங்கே எப்போதோ தேங்கிய நீராகிவிட்டது. கெண்டை முதலிய வெளிமீன்களும் குடியேறிவிட்டன. அங்கே தூண்டில் போடுவதால் புதிதாகக் கெடுவதற்கு அதிகம் இல்லை. சிக்கல் ஆட்சியில்தான் இருக்கிறது: தண்ணீர் மின்வாரியத்துடையது, மீன் மீன்வளத்துறையுடையது, கரையும் கரைக்குச் செல்லும் பாதையும் பெரும்பாலும் வனத்துறையுடையவை. மூவருடைய விதிகளையும் ஒரு பயணி தானே கூட்டிப் படித்து, எந்தக் கரையில் நிற்கலாம் என்று முடிவுசெய்ய வேண்டும் என எதிர்பார்ப்பது நடக்காத காரியம். விதி தெரியாத இடத்தில் விதியை மதிப்பவன் ஒதுங்கிக்கொள்கிறான். இரவில் வலையோடு வருகிறவன் ஒதுங்குவதில்லை.

இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், தீர்த்தன் ஆற்றங்கரையில் இது எளிதாக நடக்கிறது. அங்கும் டிரவுட் வந்தேறிதான். மாநில மீன்வளத்துறை தூண்டில் உரிமம் தருகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய, மீன் முட்டையிடும் காலமென்று பிடிப்பதற்குத் தடை. உரிமம் பெற்றவர் ஊர்க்காரர் வீட்டில் தங்குகிறார், ஊர்க்காரரையே வழிகாட்டியாக அழைத்துச் செல்கிறார். ஆறு கெட்டால் தன் வருமானம் கெடும் என்பது கரையில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிகிறது. அதே ஏற்பாட்டை அப்படியே இங்கு நட்டுவிட முடியாது. எங்கள் பருவம் வேறு, மழை வேறு. ஆனால் ஒரே சீட்டு, ஒரே கட்டணம், இன்ன மாதங்களில் தடை, நாளொன்றுக்கு இத்தனை மீன், இந்த அளவுக்குச் சிறியதை விட்டுவிட வேண்டும் என்ற ஐந்து வரிகளைத் தமிழில் அச்சிட்டு நீர்த்தேக்கத்தின் கரையில் பலகையாக நட முடியாதா?

அந்தப் பலகையில் இரண்டைச் சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறேன். மாயாற்றில் வாழும் திமில் மகசீர், காவிரிப் படுகைக்கு வெளியே உலகில் எங்கும் இல்லாத மீன். 2018இல் மிக அருகிய இனமாக, அழியும் நிலையிலுள்ள உயிர்களைக் குறிக்கும் பன்னாட்டுச் செம்பட்டியலில் ஏறியது. பிடித்துத் திரும்ப நீரிலேயே விட்டுவிடுகிறோம் என்ற பெயரிலும் அதன்மேல் தூண்டில் விழ அனுமதிக்கக்கூடாது. அடுத்தது உரிமையைப் பற்றியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வேட்டை உரிமையை விலக்கிய அதே பிரிவில், நீர்நிலைகளின் மீனைக் காடுவாழ் மக்களின் சமூக உரிமையாக ஏற்கிறது. இருளரோ குறும்பரோ தங்கள் கிராம சபையின் வழியே கோரிப் பெற்ற நீரில், நகரத்துப் பயணிக்கு உரிமம் விற்கும் அதிகாரம் எந்தத் துறைக்கும் இல்லை. அவர்கள் விரும்பினால் உரிமத்தை அவர்களே தரட்டும். கட்டணமும் அவர்களைச் சேரட்டும்.

அடுத்த கோடைக்கூட்டம் ஏப்ரலில் மலையேறும். அதற்கு முன் மூன்று துறைகளும் ஓர் அறையில் அமர்ந்து அந்த ஐந்து வரிகளை முடிவுசெய்து வெளியிட்டால், என் வாசலில் பெட்டியோடு நிற்பவரிடம் முதல் கேள்விக்கும் நேராக விடை சொல்வேன்.

பணிவுடன்,
எமரால்டு சாலையோரத்திலிருந்து ஒரு குடிமகன்