பாலிமரைக் கூட்டும்மா

சுமதி,

இத்தனை நாள் பதில் போடாததற்கான திட்டையெல்லாம் நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மல்லிகா இன்னும் அதே ஸ்கூட்டிதான்.

இது வயிற்றெரிச்சல் கடிதம். மருந்து நன்றாகக் கரையட்டுமென்று படிகமாக விடாமல் பாலிமரோடு கலந்து, கண்ணாடி மாதிரி உறைய வைத்திருந்தோமே, அந்த மாத்திரை மூன்றாம் மாதத்தில் காலை வாரிவிட்டது. கெடாமல் தாங்குகிறதா என்று பார்க்கிற சேம்பரில் 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம். அதிலிருந்து எடுத்த சாம்பிளை எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ்-ரேயால் படிகத்தைக் காட்டிக்கொடுக்கிற கருவி) வைத்தால், மொழுக்கென்று மேடாக வரவேண்டிய கோட்டில் ஊசி ஊசியாக பீக். மருந்து படிகமாகிவிட்டது. டிசொல்யூஷனும், அதாவது மருந்து கரைகிற வேகமும், படுத்துவிட்டது.

மேனேஜர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பாலிமரைக் கூட்டும்மா." கூட்டினால் கொஞ்ச நாள் தாங்கும்தான். அப்புறம் அந்த மாத்திரையை விழுங்குவது யார், குதிரையா?

எனக்கு உறுத்துவது வேறு. நாங்கள் போட்ட பாலிமர் பி.வி.பி. அதன் கார்பனைல் ஆக்சிஜன் மருந்தின் என்.எச். தொகுதியோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்கிறது. மருந்து மூலக்கூறுகள் வரிசை கட்ட வழியில்லாமல் போகிறது. ஐ.ஆர். (அகச்சிவப்பு) சோதனையில் அந்த கார்பனைல் பீக் நகர்ந்ததைப் பார்த்து நாங்கள் ஆடிய ஆட்டம்! ஆனால் அதே ஆக்சிஜன் தண்ணீரையும் விடாது. ஈரம் உள்ளே போனால் மருந்தை நகர்த்திவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. கண்ணாடிநிலை வெப்பநிலையும் (இறுகிக் கிடந்தது இளக ஆரம்பிக்கிற சூடு) கூடவே இறங்குகிறது. அசையாமல் கிடந்த மூலக்கூறுகள் அசைய ஆரம்பித்தால் பாகு கல்கண்டாகிற கதைதான்.

ரிடோனவிர் என்கிற எச்.ஐ.வி. மருந்து ஞாபகம் இருக்கிறதா? நம்ம சார் அதை ஆரம்பித்தாலே நீ தூங்கிவிடுவாய். 1996-ல் அபாட் கம்பெனி அதைக் கேப்சூலாக விற்பனைக்கு விட்டது. 1998-ல் யாரும் அதுவரை பார்த்திராத, சரியாகக் கரையாத இரண்டாவது படிக வடிவம் தலைகாட்டியது. கேப்சூலையே நிறுத்தவேண்டி வந்தது. எச்.ஐ.வி. நோயாளிகள் அதற்குப் பதிலாக, வாயில் வைக்க முடியாத திரவ மருந்தைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு லோபினவிர் என்கிற இன்னொரு எச்.ஐ.வி. மருந்தோடு சேர்த்து வந்த கேப்சூலை ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டியிருந்தது. 2005-ல்தான் இரண்டு மருந்தையும் கோபோவிடோன் என்கிற பாலிமரோடு உருக்கி எக்ஸ்ட்ரூடரில் பிழிந்து மாத்திரையாக்கினார்கள். ஒரு நாளுக்கு ஆறு கேப்சூல் நாலு மாத்திரையானது, ஃப்ரிட்ஜும் வேண்டாம். கரண்டே இல்லாத ஊரில் இருக்கிற நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பார். எங்கள் மீட்டிங்கில் ஒருத்தராவது அதைப் பேசுகிறார்களா? பேசுவதெல்லாம் ஃபைலிங் தேதி.

கோபோவிடோனில் வினைல் அசிடேட் இருப்பதால் பி.வி.பி. அளவுக்கு ஈரம் இழுக்காது. எச்.பி.எம்.சி.ஏ.எஸ். என்கிற செல்லுலோஸ் பாலிமர் ஈரம் இழுப்பது அதைவிடக் குறைவு, குடலில் கரைந்த பிறகும் மருந்தைப் படியவிடாமல் பிடித்துவைக்கும். என் ஓட்டு அதற்குத்தான். ஒரே பயம்: எங்கள் மருந்தில் ஹைட்ராக்சிலும் இருக்கிறது. எக்ஸ்ட்ரூடர் சூட்டில் பாலிமரிலிருந்து சக்சினிக் அமிலம் கழன்று வந்து அதில் எஸ்டராக ஒட்டிக்கொண்டால் புது இம்ப்யூரிட்டி, புதுத் தலைவலி. அதனால் கரைசலாக்கித் தூவி உலர்த்துகிற ஸ்ப்ரே டிரையிங் பக்கம் போகலாமென்று பார்க்கிறேன். நீதான் வருஷக்கணக்காக அந்த மிஷினோடு குடித்தனம் நடத்துகிறாயே, அசிட்டோனா மெத்தனாலா, மிச்ச சால்வென்ட்டை எப்படி விரட்டுகிறீர்கள் என்று விவரமாக எழுது. வியாழக்கிழமை ரிவ்யூ. அதற்குள் பதில் வராவிட்டால் மல்லிகாவிடம் உன் வைவா கதையைச் சொல்லிவிடுவேன்.

கீதா