காளான் தாவரம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மாணவர் பக்கத்தில் காளானைப் ‘பச்சையம் இல்லாத தாவரம்’ என்று போட்டிருந்தீர்கள். என் மகள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள், அதனால்தான் இந்தக் கடிதம். காளான் தாவரமே இல்லை. அது ஒரு பூஞ்சை. 1969-லேயே விட்டேக்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் உயிர்களை ஐந்து ‘உலகங்கள்’ என்னும் பெரும் பிரிவுகளாகப் பிரித்தபோது பூஞ்சைகளுக்கென்று தனி உலகம் கொடுத்துவிட்டார். செடியின் செல்சுவர் செல்லுலோஸால் ஆனது, பூஞ்சையின் செல்சுவரில் இருப்பதோ கைட்டின், நண்டு ஓட்டிலும் கரப்பான்பூச்சியின் மேலோட்டிலும் இருக்கிற அதே பொருள். செடி தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். காளான் மட்கிய மரத்தின் மேல் நொதியை, அதாவது செரிக்கவைக்கும் பொருளை, சுரந்து, கரைத்து, உறிஞ்சிக்கொள்ளும். மரபணுவை வைத்துப் பார்த்தால் அது செடியைவிட விலங்குகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். இதைப் படித்து எத்தனையோ வருடமாகியும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்ட ஆய்வகம் வேண்டாம். ஈரம்பட்ட ரொட்டித் துண்டை மூடி வைத்தால் சில நாளில் வெள்ளை நூல்போல் படர்ந்து, நுனியில் கருப்புப் புள்ளி வைக்குமே, அது ரொட்டிக் காளான். அப்புறம், இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பது பெரும்பாலும் பாக்டீரியாக்களின் வேலை. அவற்றின் செல்லில் உட்கருவே கிடையாது, அதனால் அவை பூஞ்சையும் இல்லை, வேறொரு உலகம்.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் திருத்தம் போடுங்கள். பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்கிற பக்கம் அது.

— ஒரு வாசகி, கரூர்