நேர்கோட்டில் அகழி வெட்டிய பிள்ளைகளுக்கு

திருகோணமலையில் போன கிழமை வரலாற்றுக் கண்காட்சி வைத்த மாணவர்களுக்கும் பொறுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். உங்கள் முதலாம் உலகப்போர் மாதிரியை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தேன். முள்ளுக்கம்பிக்குக் கறள் நிறம் பூசியிருந்தீர்கள், அருமை. ஆனால் அகழியை அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஒரே நேராக வெட்டிவிட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நேரான அகழிக்குள் ஒரு ஷெல் விழுந்தால் அதன் சிதறு துண்டுகள், நாங்கள் பீஸ் என்பது, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போகும். எதிரி ஒருத்தன் உள்ளே குதித்தாலும் அப்படித்தான், நின்ற இடத்திலிருந்தே முழு வரிசையையும் சுட்டுவிடுவான். அதனால்தான் சில மீற்றருக்கு ஒரு தரம் அகழியை மடக்கி வெட்டினார்கள். மடிப்புக்கு அங்கால் நிற்பவன் தப்புவான்.

அப்புறம், உங்கள் சிப்பாய்கள் தரையில் நின்றே எட்டிப் பார்க்கிறார்கள். உண்மையில் அகழி ஆள் உயரத்தைவிட ஆழம்; சுடுவதற்கு முன்சுவரோடு ஒரு படி இருக்கும், அதில் ஏறித்தான் நிற்பார்கள். முன்னுக்கு மட்டும் மண்மூட்டை வைத்திருக்கிறீர்கள். பின்னுக்கும் ஓர் அணை வேண்டும், பின்னால் விழுகிற ஷெல்லைத் தடுக்க. முன்வரிசைக்குப் பின்னால் துணை வரிசை, அதற்கும் பின்னால் இருப்பு வரிசை. இவற்றைத் தொடுக்கும் இணைப்பு அகழிகளும் வளைந்துதான் போகும். சாப்பாடு முன்னுக்குப் போனதும் காயக்காரர் பின்னுக்கு வந்ததும் அதற்குள்ளால்தான்.

தண்ணீர்தான் பெரிய தொல்லை. அடியில் வடிகுழி தோண்டி, மேலே பலகைச் சட்டம் போட்டும் கால் ஊறி அழுகியது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும் என்பதால், பல இடங்களில் குழிக்குப் பதிலாக நிலத்துக்கு மேலே மண்மூட்டைகளை அடுக்கினார்கள்.

கடற்கரையோரம் இருக்கிற எங்களுக்கு இது புதினமில்லை. 1990இல், சண்டைக்காலத்தில், எங்கள் வளவில் ஐயா பங்கர் (பதுங்குகுழி) வெட்டியபோது, முதல் நாள் வெட்டிய சுவர் இரவோடு இரவாகச் சரிந்து குழி பாதி நிரம்பிவிட்டது. வெறும் குருமணல். அடுத்த நாள் தார்ப்பீப்பாவைப் பிளந்து தகடாக்கிச் சுவருக்கு முட்டுக் கொடுத்தார். பிரான்சில் அதே வேலைக்குத் தகரமும் தட்டிப் பின்னலும் வைத்தார்கள். எங்கள் பங்கருக்கு மேலே தென்னங்குற்றி, அதற்கு மேல் மணல் நிரப்பிய உரப்பை. வாசலிலிருந்து இரண்டடி போனதும் திருப்பம், 'ட' வடிவம். நான் இடிபட்டுத் திட்டினேன். "அந்த மூலைதானடா எங்களைக் காப்பாத்தும்" என்றார். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! 1942 ஏப்ரல் 9 அன்று யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது அவர் சின்னப் பிள்ளை. பெரியவர்கள் வெட்டியதைப் பார்த்திருப்பார்போல. அம்மாவின் பயம் வேறு: நீட்டுத் தடியால் உள்ளே தட்டிப் பாம்பு இல்லையென்று பார்க்காமல் எங்களை இறங்க விடமாட்டா.

உங்கள் வீடுகளிலும் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு 'ட' கட்டாயம் இருந்திருக்கும். அடுத்த முறை பிரான்சு அகழிக்குப் பக்கத்தில் ஒரு வளவுப் பங்கரையும் செய்து வையுங்கள். ரெஜிஃபோம் (வெள்ளை நுரைப்பலகை) வேண்டாம். உரப்பைத் துண்டும் தென்னம்மட்டையும் என்னிடம் கிடக்கின்றன, ஒரு பிள்ளையை அனுப்பினால் கட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிக்கு வந்துபோன ஒரு கிழவன்