பொன்னாடைக்கு நேரம் இருந்தது

மண்டப நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் உங்கள் மண்டபத்தில் நடந்த முதியோர் கதையரங்கைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. நீங்கள் முன்வரிசையில்தான் இருந்தீர்கள்.

அழைப்பிதழில் நான்கு மணி. பிரதம அதிதி வரும்போது ஐந்தரை. அப்புறம் மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை. அவ்வளவும் முடியும்வரை எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். நீரிழிவுக்காரர். அங்கே மின்விசிறி இல்லை. கழிப்பறைக்குப் போவதென்றால் சபை நடுவே நடக்க வேண்டும்; அந்தக் கூச்சத்தில் தண்ணீரே குடிக்கவில்லை.

அவர் சொல்ல வந்தது 1983 ஜூலை, கொழும்பில் தமிழர்மேல் நடந்த இனவன்செயல். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம், பிறகு லங்கா கல்யாணி கப்பலில் வடக்கே காங்கேசன்துறை. அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் நடிப்பதாக ஏற்பாடு. ஒத்திகையில் ஒரு பிள்ளை, "என்ன உடுத்துக்கொண்டு கப்பலேறினீங்க அம்மம்மா?" என்று கேட்டாள். "பக்கத்து வீட்டு நோனா தந்த சீத்தையும் சட்டையும்தான். என்ர பொட்டையும் அவதான் அழிச்சுவிட்டா" என்றார். சிங்களப் பெண்போலத் தெரியவேண்டுமென்று பொட்டழிக்கும் அந்த இடத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே காட்சியாக்கியிருந்தார்கள்.

சபை அதைப் பார்க்கவில்லை. அம்மா பேசத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் "சுருக்கவும்" என்று துண்டுச் சீட்டு வந்தது. பொன்னாடை போர்த்த இன்னும் ஆட்கள் மிச்சமாம். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மலையகத்து ஐயாவுக்கு அந்த ஐந்து நிமிடமும் கிடைக்கவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது; அதில் அவருடைய அக்கா போனார், இவர் இங்கே நின்றுவிட்டார். பிள்ளைகளுக்கு அது ஒப்பந்தத்தின் பெயரும் ஆண்டும் மட்டும்தான், பரீட்சைக்கு.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முழுதாக ஒரு மணிநேரம், உரைகளுக்கு முன்னால். கொழும்பில் நாம் நடத்தும் விழாக்களில் பொன்னாடைக்கு நேரம் போதாமல் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒக்டோபர் முதலாம் திகதி முதியோர் தினம் என்று பதாகை கட்டுவோம், படம் எடுப்போம், பிறகு முதியவரைக் கதிரையோடு ஓரமாகத் தள்ளிவைப்போம். சரி, கோபத்தில் எழுதுகிறேன். மண்டபத்தை இலவசமாகத் தந்தது நீங்கள்தான், அந்த நன்றி இருக்கிறது.

ஆனாலும் திரும்பவும் கேட்கிறேன்: ஒரு மணிநேரம், உரைகளுக்கு முன்னால். மேடைக்குப் பின்னால் ஒரு மின்விசிறியும். அம்மா இன்னொரு தடவை வரச் சம்மதித்திருக்கிறார். எந்தத் திகதி தரலாம் என்று தயவுசெய்து இம்மாத முடிவுக்குள் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கும் ஒருத்தி