உன் மகளின் இண்டர்ன்ஷிப் விஷயமாக

அன்புள்ள நண்பா,

மகள் நாள் முழுக்க லேப்டாப்பில் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கிறாள், ஓர் இடத்திலிருந்தும் பதில் இல்லை என்று எழுதியிருந்தாய். என் பக்கத்துச் செய்தியும் இதை ஒட்டியதுதான். புதிதாகச் சேர்பவர்களை நேர்காணல் செய்யும் பொறுப்பை ஆபீசில் என் தலையில் கட்டிவிட்டார்கள், அதனால் மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தினமும் பார்க்கிறேன்.

பதில் வராததற்கும் அவள் திறமைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஒரு பட்டனைத் தட்டினால் விண்ணப்பம் போய்விடும் என்று ஆனபிறகு எல்லோரும் எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள், வந்து குவிவதில் பாதியை யாரும் திறப்பதே இல்லை, உள்ளே இருக்கும் ஒருவர் 'இந்தப் பெண்ணைப் பாருங்கள்' என்று சொன்னால் அந்த ரெஸ்யூமைத்தான் முதலில் எடுக்கிறோம். நியாயமா என்று கேட்டால் இல்லைதான்.

உடனே நீ 'நமக்கு யாரைத் தெரியும்' என்பாய். சொந்தக்காரர்களும் நெருங்கிய சிநேகிதர்களும் இதற்கு அவ்வளவாக உதவ மாட்டார்கள், அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973லேயே இதைச் சொன்னார்: தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை விசாரித்தால், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் 17 சதவீதம் பேர்தான், மற்ற எல்லோரும் எப்போதாவது பார்த்துக்கொள்கிறவர்கள். வேலை தேடுபவர்களும் கொடுப்பவர்களும் பழகும் லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடி பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2022இல் வெளிவந்தபோதும் ஏறக்குறைய அதே கதைதான், மிக நெருக்கமானவர்களை விட ஓரளவு பழக்கம் உள்ளவர்களே அதிகம் உதவியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் அவளுக்கு யார்? இரண்டு வருடம் முன்னால் படித்து முடித்த சீனியர், புராஜெக்ட்டுக்கு வழிகாட்டிய பேராசிரியரின் பழைய மாணவர், இப்படிப்பட்டவர்கள். ஆனால் 'வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்று எழுதக் கூடாது. அதற்கு நல்ல மனுஷன்கூட 'சரிம்மா, பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு மறந்துபோவான். 'உங்கள் டீமில் இண்டர்ன்களுக்கு என்ன வேலை கொடுப்பார்கள், அதற்கு நான் இப்போது எதைக் கற்றுக்கொள்ளலாம்' என்று நாலே வரியில் கேட்கட்டும். இதற்குப் பதில் எழுதுவது சுலபம், பதில் எழுதியவருக்கு அவள் பெயரும் ஞாபகத்தில் நிற்கும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை நினைவூட்டுவதில் தப்பே இல்லை. கூச்சப்படுவாள், உன் மகளாயிற்றே!

கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும் என்பது அடுத்தது. கணினி படிக்கிறவள் என்பதால் கூகுள் சம்மர் ஆஃப் கோட் பற்றிச் சொல், ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில், அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தும்படி திறந்து வைத்திருக்கும் மென்பொருளில், புதியவர்களை வழிகாட்டிகளோடு வேலை செய்யவைக்கும் திட்டம் அது, 2005இலிருந்து நடக்கிறது, உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பத் தேதி வரும்வரை காத்திருக்காமல் பிடித்த ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் இப்போதே சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தித் தருகிறவர்களை அங்கிருக்கும் வழிகாட்டிகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். இடம் கிடைக்காவிட்டாலும் செய்த வேலை, நிரல்களை எல்லோரும் பார்க்கும்படி வைக்கும் கிட்ஹப் தளத்தில் இருக்கும், எனக்கு அதைப் பார்த்தால் போதும். ரெஸ்யூமில் 'குழுவாக உழைப்பவர்' என்று எழுதியிருப்பதை நான் படிப்பதே இல்லை.

பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்கும் இண்டர்ன்ஷிப் எதுவானாலும் அதன் பக்கமே அவள் போக வேண்டாம். அது சான்றிதழ் வியாபாரம். வேலை கொடுப்பவன் காசு வாங்க மாட்டான்.

ரெஸ்யூமை எனக்கு அனுப்பச் சொல். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து ஐகான், கட்டம் எல்லாம் போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடட்டும், ரெஸ்யூமைப் படிக்கும் மென்பொருள் அதிலெல்லாம் வரிகளைக் கலைத்துவிடுகிறது. நீ வேலையை விடப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றிப் போனில் பேசுவோம், எழுத ஆரம்பித்தால் திட்டிவிடுவேன்.

உன் பழைய சிநேகிதன்