அவை முதலில் கடிதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆதி கிறிஸ்தவ நிருபங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார், பாராட்டுகள். ஆனால் ‘கிறிஸ்தவக் கொள்கைகளை வகுத்துரைக்க எழுந்த நூல்கள்’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அந்த இடத்தில்தான் எனக்கு இடித்தது. கொள்கை வகுக்க உட்கார்ந்தவர், ‘துரோவாவில் கார்ப்பு வீட்டில் என் மேலங்கியை விட்டுவிட்டேன், வரும்போது அதையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வா’ என்று ஏன் எழுதப்போகிறார்? முதல் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய்ச் சபைகளை ஏற்படுத்திய பவுலின் பெயரில், அவருடைய இளைய தோழர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசியில் அது இருக்கிறது. எட்டு வசனம் தள்ளி, குளிர்காலத்துக்கு முன் வந்துசேரப் பார் என்றும் இருக்கிறது. மேலங்கி எதற்கென்று அப்போது புரிகிறது.

புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களில் 21 கடிதங்கள். எங்கள் புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் ‘நிருபம்’, கத்தோலிக்க நண்பர்களிடம் ‘திருமுகம்’. திருமுகம் என்றால் அந்தக் காலத்தில் அரசன் அனுப்பும் ஓலை. நிருபம் என்றாலும் கடிதம்தான். உங்கள் அலுவலக ‘நிருபர்’கூட அந்த வழியில் வந்தவர்தான். இரண்டுமே கனமான சொற்களாகிப் போனதால், உள்ளே இருப்பது கடிதம் என்பதே நமக்கு மறந்துவிடுகிறது.

நான் 34 வருடம் தபால்காரனாக இருந்தவன். இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அப்போது கடிதத்தைக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடியாது. வாசித்தும் காட்ட வேண்டும். பம்பாயில் இருக்கும் மகன் எழுதியதைத் திண்ணையில் உட்கார்ந்து ஆச்சிக்கு வாசிப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்றுவிடுவார்கள். பதிலும் நானே எழுதிக் கொடுப்பேன். இன்லேண்ட் லெட்டரின் மடிப்பு ஓரத்தில், ‘எழுதியது போஸ்ட்மேன், தம்பி சுகமா?’ என்று ஒரு வரி சேர்த்ததும் உண்டு. ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், ‘இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான்’ என்று ஒருவர் குறுக்கே வந்து வாழ்த்துச் சொல்கிறார் அல்லவா? பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் அவர். அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நம்ம ஆள்!

ரோமப் பேரரசர் அகஸ்து இராயன் ஏற்படுத்திய அஞ்சல் அரசாங்கக் காரியத்துக்கு மட்டும்தான். மற்றவர்கள் கடிதம் அனுப்ப, அந்தப் பக்கம் போகிற ஆளைத்தான் பிடிக்க வேண்டும். ரோமர் நிருபத்தைக் கொண்டுபோனவள் கிரேக்க நாட்டுத் துறைமுகமான கெங்கிரேயாவிலிருந்து புறப்பட்ட பெபேயாள் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. அவளை நன்றாக ஏற்றுக்கொள்ளுங்கள், வேண்டிய உதவி செய்யுங்கள் என்று அதே கடிதத்திலேயே சிபாரிசும் இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் சபை கூடியிருக்க ஒருவர் உரக்க வாசிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். எல்லாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் ஆணையிட்டே சொல்கிறார்.

நமக்குக் கிடைத்தவற்றில் மூத்தது, தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் என்பார்கள், கி.பி. 50 வாக்கில். கிறிஸ்து சீக்கிரம் வந்துவிடுவார் என்று காத்திருந்த ஊரில் சிலர் இறந்துபோனார்கள். அவர்கள் கதி என்ன என்று மற்றவர்கள் கலங்கினார்கள். பவுல் வர நினைத்தும் வரமுடியவில்லை. ஆக, நேரில் போய்த் துக்கம் விசாரிக்க முடியாதவர் எழுதிய கடிதம் அது. மரித்தோர் எழுந்திருத்தல் பற்றிய உபதேசம் அதில் இருப்பது உண்மை. அது இருப்பது ஆறுதல் சொல்வதற்காக.

நம் ஆட்கள் ‘இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்’ என்று தொடங்குவதுபோல, கிரேக்கக் கடிதத்துக்கும் ஒரு வாய்பாடு உண்டு: இன்னார் இன்னாருக்கு, வாழ்த்து. பவுல் அந்த ‘வாழ்த்து’ இருக்க வேண்டிய இடத்தில் கிருபையும் சமாதானமும் என்று மாற்றிப்போட்டு, அப்புறம் ‘உங்களுக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன்’ என்று நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். சபைகளுக்கு எழுதியவற்றில் கலாத்தியருக்கு எழுதும்போது மட்டும் அந்த நாலு வார்த்தை இல்லை. இவ்வளவு சீக்கிரம் மாறிவிட்டீர்களே என்று நேரே பாய்கிறார். ‘நலமறிய ஆவல்’ இல்லாமல் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தால் வீட்டில் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்திருக்கும் கலாத்தியாவில்.

கிரேக்க நகரமான கொரிந்தின் சமாச்சாரம் இன்னும் கஷ்டம். ‘நான் பவுல் கட்சி, நான் அப்பொல்லோ கட்சி’ என்று (அப்பொல்லோ அங்கே போதித்த இன்னொருவர்) பிரிந்து கிடக்கிறார்கள் என்று குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் வந்து சொல்லியிருக்கிறார்கள். சபையாரும் தங்கள் பங்குக்குக் கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ‘நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து’ என்று ஏழாம் அதிகாரத்தில் பவுல் பதிலைத் தொடங்குகிறார். அந்தக் கேள்விக் கடிதம் நம் கையில் இல்லை. இதற்கு முன்னால் பவுலே அவர்களுக்கு எழுதிய ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு மறுபக்கத்தை ஊகிக்க வேண்டிய நிலை. இயேசுவின் நினைவாகச் சேர்ந்து உண்ணும் கர்த்தருடைய பந்திக்கு வசதியானவர்கள் முந்தி வந்து தின்று குடித்து முடித்துவிட, பின்னால் வருகிறவன் பசியோடு நிற்கிறான். அந்தக் கோபத்தில் எழுதிய பகுதியைத்தான் நாங்கள் இன்று திருவிருந்து ஆராதனையில் அவ்வளவு சாந்தமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

விக்கிரகத்துக்குப் படைத்த உணவு பற்றியும் அவர்கள் கேட்டிருந்தார்கள். இது எங்கள் வீட்டிலேயே நடந்த வழக்கு. பிள்ளையார் சதுர்த்திக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கொழுக்கட்டை வரும். ‘முன்வைக்கிற எதையும் விசாரிக்காமல் சாப்பிடு என்று பவுலே சொல்லியிருக்கிறார்’ என்பாள் அம்மா. ‘படைத்தது என்று ஒருவன் சொன்னால் தொடாதே என்றும் அவரேதான் சொல்லியிருக்கிறார்’ என்பாள் சித்தி. இரண்டும் பத்தாம் அதிகாரத்தில் அடுத்தடுத்த வசனங்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான், கூட உட்கார்ந்திருக்கிறவன் மனம் இடறக்கூடாது என்பதே அவர் கவலை என்று தெரியும். அவர்கள் வாதாடி முடிப்பதற்குள் பிள்ளைகள் நாங்கள் தட்டைக் காலி செய்துவிடுவோம்.

கல்யாணப் பத்திரிகையில் போடுகிற ‘அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது’ என்பதும் இதே கொரிந்தியர்தான். மணமக்களை நினைத்து எழுதியது இல்லை. யாருக்கு வந்த வரம் பெரிது என்று சபையில் நடந்த சண்டைக்கு நடுவில் எழுதியது. ஆட்டோவின் பின்பக்கத்தில் ஒட்டுகிற ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ இன்னொன்று. பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பிய உதவிக்கு, சிறையிலிருந்து பவுல் நன்றி சொல்லும் இடம் அது. தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்பது அதற்கு முந்திய வசனம். பட்டினி கிடந்து பழகியவன் பேச்சு.

சரி, பிலேமோனுக்கு வருகிறேன். கட்டுரையாளர் அரை வரியில் தாண்டிவிட்ட கடிதம் இது. எனக்கோ அதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது. மொத்தமே 25 வசனம். எஜமான் பிலேமோனைவிட்டு வந்த ஒநேசிமு என்ற அடிமையை அவரிடமே திருப்பி அனுப்பும்போது எழுதியது. ஒநேசிமு என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் ‘பயனுள்ளவன்’ என்று பொருள். முன்பு உமக்குப் பயனில்லாதவன், இப்போது உமக்கும் எனக்கும் பயனுள்ளவன் என்று பெயரை வைத்தே விளையாடுகிறார். அவன் ஏதாவது பட்ட கடன் இருந்தால் என் கணக்கில் வையும், நானே தீர்ப்பேன், இது என் சொந்தக் கையெழுத்து என்கிறார். சொல்லிவிட்டு, நீரே எனக்குக் கடன்பட்டிருப்பதை நான் சொல்லத் தேவையில்லை என்று ஒரு குத்து. தனிப்பட்ட விஷயம்தானே, ஆனால் விலாசம் பிலேமோனுக்கு மட்டும் இல்லை. அவர் வீட்டில் கூடுகிற சபைக்கும் சேர்த்து. நாலு பேர் கேட்க வாசித்தபின் அந்த மனுஷன் எப்படி மறுப்பார்? அதுவும் போதாதென்று, எனக்குத் தங்க ஓர் இடம் ஆயத்தம்பண்ணும் என்று முடிக்கிறார். நான் வந்து பார்ப்பேன் என்று அர்த்தம்.

ஆனாலும் அடிமைமுறை தவறு என்று ஒரு வார்த்தை இல்லை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்தவர்கள், பார், பவுலே திருப்பி அனுப்பினார் என்று இந்தக் கடிதத்தைத்தான் காட்டினார்கள். ‘இனிமேல் அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக’ என்று அதே கடிதத்தில் இருப்பது அவர்கள் கண்ணில் படவில்லை. பவுல் இன்னும் உடைத்துச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பவுலுக்குப் பின் வந்தவற்றையும் கட்டுரை தொட்டிருக்கலாம். கி.பி. 96 வாக்கில் ரோம் சபை கொரிந்துக்கு எழுதிய கடிதம், கிளெமெந்து பெயரில் வழங்குவது, மூப்பர்களை ஏன் பதவியிலிருந்து இறக்கினீர்கள் என்று கேட்கிறது. நாற்பது வருடமாகியும் கொரிந்து திருந்தவில்லை. அந்தியோகியா பேராயர் இக்னாத்தியு ரோமுக்கு மரண தண்டனைக் கைதியாகப் போகும் வழியில் ஏழு கடிதங்கள் எழுதினார். காவலுக்கு வந்த பத்துப் போர்வீரர்களைச் சிறுத்தைகள் என்கிறார். நல்லது செய்யச் செய்ய மோசமாகிறார்களாம். என்னைக் காப்பாற்ற முயலாதீர்கள் என்று ரோமாபுரியாருக்கு எழுதிய கடிதம் படிக்கச் சங்கடமானது.

ஒரு சின்னத் திருத்தம். பவுலின் கடிதங்கள் எழுதிய வரிசையில் வைக்கப்பட்டிருப்பதாகக் கட்டுரையில் உள்ளது. அப்படி இல்லை. சபைகளுக்கு எழுதியவை முதலில், ஆட்களுக்கு எழுதியவை அப்புறம். இரண்டிலும் ஏறக்குறைய நீளமானதிலிருந்து குட்டையானது வரை. அதனால்தான் ரோமர் முதலில், பிலேமோன் கடைசியில். பவுல் பெயரில் உள்ள 13இல் ஏழைத்தான் ஏறக்குறைய எல்லா ஆய்வாளர்களும் சந்தேகமில்லாமல் அவருடையது என்கிறார்கள். நான் முதலில் சொன்ன மேலங்கிக் கடிதம் அந்த ஏழில் இல்லை. யார் எழுதியிருந்தாலும், குளிர் தெரிந்தவர்.

ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் பிலேமோனை அப்படியே, வசன எண் எதுவும் போடாமல், கடிதமாக அச்சிடுங்கள். உங்கள் பக்கம் ஒன்றே போதும், கொஞ்சம் இடமும் மிஞ்சும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
பாளையங்கோட்டை.