பில் போட எதற்கு செல்போன் எண்?

ஆசிரியருக்கு,

போன வாரம் ஒரு துணிக்கடையில் இரண்டு கைக்குட்டை வாங்கினேன். 'நம்பர் சொல்லுங்க சார்' என்றார் பில் போடும் பெண். எதற்கம்மா என்றேன். 'நம்பர் அடிக்காம கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது சார்.' அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாள் முழுக்க நின்றபடி எல்லோரிடமும் இதையேதான் கேட்கிறார். பின்னால் வரிசை முனக ஆரம்பித்தது. சரி என்று பத்து இலக்கத்தையும் சொன்னேன், கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி. வீடு போய்ச் சேர்வதற்குள் தள்ளுபடி குறுஞ்செய்தி வந்துவிட்டது.

இத்தனைக்கும், செல்போன் எண்ணைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கடையில் இதைச் சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். விளம்பரத் தொல்லையைத் தடுக்க 1909 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்யலாம்தான். ஆனால் கேட்காமலே விட்டால் அந்த வேலையும் மிச்சமாயிற்றே!

மருந்துக் கடை, செருப்புக் கடை, பேக்கரி என எங்கும் இதே கதை. 'எண் தர விருப்பமில்லை' என்று பில் திரையில் ஒரு பொத்தான் வைக்க முதலாளிகளுக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

ஒரு வாசகர், மதுரை